அளவையாவது விட்டுச் செல்லுங்கள்

மலைமிதிவண்டி பிறந்ததே கழித்துப்போட்ட மிதிவண்டிகளிலிருந்துதான். இலட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து இன்று அத்தகைய வண்டியை வாங்குவோரிடம் இதைச் சொன்னால் நம்பத் தயங்குவர். ஆனால் வரலாறு அப்படித்தான் இருக்கிறது. 1970களின் நடுவில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியில், இளைஞர் சிலர் டமால்பயஸ் மலையை ஒட்டிய மண்பாதைகளில் மிதிவண்டியில் பாய்ந்திறங்கி விளையாடினர். அவர்கள் ஓட்டியவை ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற, இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட, தடித்த டயர் பூட்டிய பழைய வண்டிகள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தவற்றைத் தேடிப்பிடித்துச் சீர்செய்து கொண்டனர்.

1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். பெயர் வந்த காரணமே ஒரு பழுதுபார்ப்புக் கதை. அவ்வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்தின் ஹப்பினுள் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். செங்குத்தான சரிவில் ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் முழுவதும் சூட்டில் புகைந்து போய்விடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த 'மீண்டும் அடைத்தல்'தான் ரீபேக்.

கேரி ஃபிஷர் அப்பழைய சட்டங்களில் கியர்களையும் இருவர் மிதிக்கும் வண்டிக்கான டிரம் பிரேக்கையும் பூட்டினார். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளும் மிதிவண்டிக் கைப்பிடிக்கு வந்தன. 1977இல் ஜோ பிரீஸ் இப்பயன்பாட்டிற்கென்றே புதிதாகச் சட்டம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரிலேயே நிறுவனம் தொடங்கினர். ஒரு தொழிலே அங்கிருந்து தழைத்தது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நாற்பதாண்டுப் பழைய சட்டத்தில் வேறொரு வண்டியின் உறுப்பையும், இன்னொரு வாகனத்தின் உறுப்பையும் பொருத்த அவர்களால் எப்படி முடிந்தது? அளவுகள் ஒத்துப்போயின, ஒத்துப்போகாத இடத்தில் சிறு பட்டறை வேலையால் ஒப்பேற்ற முடிந்தது. அந்த ஒப்புமை இல்லாதிருந்தால் மலைமிதிவண்டி என்ற ஒன்றே தோன்றியிராது. அப்படித் தோன்றிய வண்டிதான் இன்று பத்தாண்டு கடந்ததும் ஒரு ரப்பர் வளையம் கிடைக்காமல் மூலையில் சாய்த்துவைக்கப்படுகிறது. இந்த முரண் குறித்தே இக்கட்டுரை.

இவ்வண்டிகளோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். சாதாரண மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை போன்ற உறுப்பை ஃபோர்க் என்கிறோம். மலைமிதிவண்டியில் அது இரண்டு குழாய்கள் ஒன்றனுள் ஒன்று நுழைந்து இயங்கும் அமைப்பு. உள்ளே சுருள்வில்லோ அடைத்த காற்றோ இருந்து அதிர்வைத் தாங்கும். எண்ணெய் சிறு துளைகள் வழியே ஓடி, அமுங்கிய ஃபோர்க் துள்ளி எழாமல் தணிக்கும். பின்சக்கரத்திற்கும் இத்தகைய அமைப்புடைய வண்டிகளில், சட்டத்தின் நடுவே குறுகிய ஷாக் அப்சார்பர் ஒன்று இரு போல்ட்டுகளுக்கிடையே பூட்டப்பட்டிருக்கும். 1989இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 ஃபோர்க்கிலிருந்து இத்துறை வேகமாக வளர்ந்தது. அதற்குமுன் ஓட்டுபவரின் முழங்கையும் முழங்காலும்தான் அதிர்வுதாங்கிகள்.

இவ்வமைப்புகள் தேய்வதற்கென்றே பிறந்தவை என்பதை மறக்கலாகாது. சீல், ஓ-ரிங், புஷ், எண்ணெய் ஆகிய நான்கும் நுகர்பொருள்கள். காற்றறையின் சீல்களை 50 மணிநேர ஓட்டத்திற்கொருமுறை கழற்றித் துடைத்து மாற்றுங்கள் என்று செய்முறைக் கையேடுகளே சொல்கின்றன. வாரம் ஐந்து மணிநேரம் ஓட்டுபவருக்கு அது இரண்டரை மாதம். ஆகவே, உறுப்பு தேயும் என்பது செய்தவருக்குத் தெரியாத இரகசியமன்று. மாற்றச் சொல்பவர் அவரே. மாற்றுவதற்கானதைச் செய்வதை நிறுத்துபவரும் அவரே.

நாம் பணிபுரியும் கோவைக் கல்லூரியில் இயற்பியல் படித்த மாணவர் ஒருவரின் பட்டறிவு இவ்விடத்தில் சொல்லத்தக்கது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. விடுமுறை நாள்களில் கல்யாணப் பந்திகளில் பரிமாறிச் சேர்த்த பணத்தில், 2011ஆம் ஆண்டு மாதிரி வெளிநாட்டு வண்டி ஒன்றைப் பழையதாக 28,000 ரூபாய்க்கு வாங்கினார். மலைப்பாதைப் பந்தயங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. சட்டம் நன்றாக இருந்தது. சக்கரம், பிரேக், கியர் யாவும் நன்றாக இருந்தன. பின்புற ஷாக் மட்டும் இரவு காற்றடைத்து வைத்தால் விடிவதற்குள் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்டபோது, "அந்த மாடல் நின்று பல வருடம் ஆகிவிட்டது, சீல் கிட் வராது. புது வண்டி பார்க்கலாமே" என்றார். அந்நிறுவனத்தின் பெயரை இங்குச் சொல்லப் போவதில்லை. அது ஒன்று மட்டும் செய்யும் தவறாக இருந்தால் அல்லவா பெயர் சொல்லிப் பயன் உண்டு! மின்னஞ்சலில் அளவுகளையாவது கேட்டுப் பார்த்தோம். பழைய மாதிரிகளின் வரைபடம் வெளியாருக்குத் தருவதில்லை என்று இரண்டு வரியில் விடை வந்தது.

பின்னர் மாணவரும் நாமும் ஷாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறினோம். அந்தத் தேடல் நமக்கு ஒரு பாடமாக அமைந்தது. சட்டத்தின் மூட்டுகளில் இருந்த பேரிங்கின் விளிம்பில் 6902 என்ற எண் பொறித்திருந்தது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர் என்பது அவ்வெண்ணின் பொருள். உலகம் முழுவதும் அதே பொருள். பேரிங் கடையில் எண்ணைச் சொன்னோம். பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. எந்த நாட்டு வண்டி, எந்த ஆண்டு மாதிரி என்று கடைக்காரர் ஒரு சொல் கேட்கவில்லை. மூன்று ஓ-ரிங்குகள் ஹைட்ராலிக் சீல் கடையில் கிடைத்தன. ஷாக்கின் கண்ணில் தேய்ந்துபோன புஷ்ஷைக் கணபதியில் உள்ள லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து வாங்கினோம். எஞ்சியது ஒன்றே ஒன்று: காற்றை அடைத்து நிறுத்தும் முதன்மைச் சீல். அதன் குறுக்குவெட்டு அந்நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்ட வடிவம். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

லேத் பட்டறைக்காரர் அந்தப் பழைய வளையத்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இது தேஞ்சு, எண்ணெய் குடிச்சு ஊதிப்போய்க் கிடக்குதுங்க சார். இதை அளந்தா இதோட நோயைத்தான் அளக்கோணும். புதுசுல என்ன அளவுன்னு ஒரு காகிதம் இருந்தாக் குடுங்க, அரை மணி நேரத்துல கடைஞ்சு தந்துடறேன். அளவில்லாம நான் எதைங்க சார் கடையறது?" என்றார்.

"கம்பெனியில கேட்டோம் அண்ணா, தர மாட்டேன்னுட்டாங்க" என்றார் மாணவர்.

"செய்யவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்களா? இது என்ன தம்பி நியாயம்?" என்பது அவர் விடை.

பாலியூரித்தேனில் கடைந்த முதல் வளையம் மூன்று நாள் தாங்கியது. இரண்டாவது மூன்று வாரம். மூன்றாவது ஷாக்கினுள் நுழையவே இல்லை. நான்காவதுதான் நின்றது. அதற்குள் அவ்வாண்டுப் பந்தயப் பருவம் கழிந்துவிட்டது. கல்லூரிப் படிப்பின் மூன்றாண்டுகளில் ஓராண்டு அது. இழப்பை ரூபாயில் கணக்கிட்டால் சில நூறு. மாணவரின் கணக்கில் அது வேறு.

இந்தப் பட்டறிவு தனியொருவருடையதன்று என்பதற்கு இத்துறையின் அண்மைக்கால வரலாறே சான்று. சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் மலைமிதிவண்டிச் சக்கரம் என்றால் 26 அங்குலம். பின்னர் 29 அங்குலம் வந்தது; 2013, 2014ஆம் ஆண்டுகளில் 27.5 அங்குலம் பரவியபோது புதிய வண்டிகளிலிருந்து 26 அங்குலம் ஏறத்தாழ மறைந்தது. அதனோடு அச்சக்கரத்திற்கான தரமான ஃபோர்க்குகளும் அருகின. ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் ஓர் அங்குலமாக இருந்து ஒன்றேகால் அங்குலத்தை நெருங்கி, ஒன்றரையாகி, இன்று மேலே சிறுத்துக் கீழே பருத்த வடிவில் வந்து நிற்கிறது. பின்சக்கர ஹப்பின் அகலம் 135 மில்லிமீட்டரிலிருந்து 142 ஆகி, 148 ஆயிற்று. பின்புற ஷாக்குகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டு வந்தன. 2016இல் மில்லிமீட்டர் முறை என்ற புதிய வரிசை வந்தது. 190, 210, 230, 250 என்று நீளங்கள் வகுக்கப்பட்டன. 200 மில்லிமீட்டர் ஷாக் பூட்டிய பழைய சட்டத்தில் 210 மில்லிமீட்டர் ஷாக் ஏறாது.

பத்து மில்லிமீட்டர்தானே, முட்டுக்கொடுத்துப் பூட்டலாகாதா என்று கேட்கலாம். ஆகாது. பின்சக்கரம் ஒரு நெம்புகோலின் நுனியில் இருக்கிறது. ஷாக் 50 மில்லிமீட்டர் அமுங்கும்போது சக்கரம் 125 மில்லிமீட்டர் மேலெழும் வண்டியில் விகிதம் இரண்டரை. ஷாக்கின் நீளம் ஆறு மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தின் நிலை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் மாறும். கைப்பிடியின் சாய்வு மாறும். ஷாக் அளவுக்கு மேல் அமுங்கினால் டயர் சட்டத்தில் உரசும். மலைச்சரிவில் இறங்கும் வண்டியில் இது விளையாட்டன்று.

அளவு மாற்றம் ஒருபுறம் என்றால், எவரோடும் ஒட்டாத தனி வடிவம் மறுபுறம். கேனண்டேல் நிறுவனம் 1990களில் கொண்டுவந்த ஹெட்ஷாக் ஃபோர்க் நுட்பத்தில் மெச்சத்தக்கது. அதிர்வுதாங்கி முழுவதும் வண்டியின் கழுத்துக் குழாய்க்குள்ளேயே அடங்கும்; ஊசி உருளைப் பேரிங்குகளின் மேல் வழுக்கி இயங்கும். ஆனால் அதற்காகக் கழுத்துக் குழாயே பிறர் எவரும் பின்பற்றாத அளவில் செய்யப்பட்டது. 2003இல் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. பின்னர் 2008இல் டோரல் குழுமத்தின் கைக்கும், அடுத்துப் பான் குழுமத்தின் கைக்கும் மாறியது. ஹெட்ஷாக் மலைமிதிவண்டிகளின் காலம் முடிந்துபோனது. இன்று அதை வைத்திருப்போர், எஞ்சியுள்ள சில தனிப்பட்ட பழுதுபார்ப்பாளர்களை நம்பியிருக்கிறார்கள். அல்லது இடையில் ஒரு குறுக்கு வளையம் பொருத்திப் பிற ஃபோர்க்கை மாட்டிக்கொள்கிறார்கள். ட்ரெக் நிறுவனத்தின் சட்டங்களுக்கென ஃபாக்ஸ் செய்தளித்த இரட்டைக் காற்றறை ஷாக்கும் அவ்வாறே தனித்து நின்ற ஒன்று.

மூன்றாவது காரணம், நிறுவனமே மறைந்துபோதல். இத்தாலியின் போலோன்யாவில் 1949இல் தொடங்கிய மார்சோக்கி, மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குகளில் பெற்ற தேர்ச்சியை மிதிவண்டிக்குக் கொண்டுவந்த நிறுவனம். 1990களின் பிற்பாதியில் வந்த அதன் 'பாம்பர்' வரிசை பெரும்புகழ் ஈட்டியது. 2008இல் அதனை டென்னெக்கோ வாங்கியது; 2015இல் அத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அவ்வாண்டே மிதிவண்டிப் பிரிவின் பெயரையும் சில உடைமைகளையும் ஃபாக்ஸ் வாங்கிக்கொண்டது. பெயர் இன்றும் வாழ்கிறது. ஆனால் அப்பெயர் தாங்கிய புதிய ஃபோர்க்கின் உள்ளுறுப்பு பழையதற்குள் நுழையாது.

இவற்றிலெல்லாம் செய்தவர் தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அவற்றை நேர்மையாக எடைபோடுவதே முறை.

முதலாவது, மாற்றமின்றி வளர்ச்சி இல்லை என்பது. உண்மைதான். பெரிய சக்கரம் கல்லிலும் வேரிலும் இலகுவாக ஏறுகிறது. தடித்த கழுத்துக் குழாய் உறுதி தருகிறது. டிஸ்க் பிரேக் மழையிலும் பிடிக்கிறது. 1990இன் வண்டியே போதும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் உள்ளே நிகழும் மாற்றம் வேறு, இரண்டு உறுப்புகள் கூடும் இடத்தில் செய்யும் மாற்றம் வேறு. ஷாக்கின் உள்ளே எண்ணெய் எவ்வழி ஓட வேண்டும் என்பதில் ஆயிரம் புதுமை செய்யலாம். அது பூட்டப்படும் போல்ட்டின் இடைவெளியை ஏன் மாற்ற வேண்டும்? பெடல் பூட்டும் நடு அச்சில் ஒரு நூற்றாண்டாக வழங்கிவரும் ஆங்கில மரை அளவைக் கைவிட்டு, அழுத்திப் பொருத்தும் முறைகள் பல வந்தன. கிரீச்சொலியும் தேய்மானமும் கண்டு, பல நிறுவனங்கள் மீண்டும் மரைக்கே திரும்பியிருக்கின்றன. புதியது யாவும் வளர்ச்சியாகிவிடுவதில்லை.

இரண்டாவது, ஆயிரம் மாதிரிகளுக்கும் உதிரி உறுப்புகளைச் சேமித்துவைப்பது கட்டுப்படியாகாது என்பது. இதிலும் நியாயம் உண்டு. சீல்களின் ரப்பரும் பெட்டியில் கிடந்தே முதுமையடையும். 1990களின் ஃபோர்க்குகளில் வில்லுக்குப் பதிலாக வைத்த ரப்பர் போன்ற கட்டைகள் பயன்படுத்தாமலே இறுகிப் பொடிந்துபோனதை அக்கால வண்டி வைத்திருப்போர் அறிவர். ஆகவே காலமெல்லாம் சேமித்துவைக்கச் சொல்வது பொருந்தாது. ஆனால் வரைபடத்திற்கு முதுமை இல்லை. அதைச் சேமிக்கக் கிடங்கும் வேண்டாம். உறுப்பைத் தர இயலாதவர் அளவைத் தர இயலாது என்று சொல்வதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

மூன்றாவது, வெளியார் செய்த உறுப்பால் விபத்து நேர்ந்தால் பழி நம்மீது விழும் என்னும் அச்சம். பேரிங் செய்பவர்கள் தம் அளவுகளை ஊரறிய அச்சிட்டுத் தருகிறார்கள். அதனால் அவர்கள் தொழில் கெடவில்லை. அன்றியும், அளவு தெரியாமல் ஊகத்தில் கடைந்த வளையம் பாதுகாப்பானதா, அளவு தெரிந்து கடைந்தது பாதுகாப்பானதா? மறைப்பதால் விபத்துக் குறைவதில்லை, கூடுகிறது. அலுமினியச் சட்டம் என்றென்றும் தாங்காது, உலோகம் சோர்வுறும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். அதற்காகச் சட்டம் நன்றாக இருக்கும்போதே சீலைக் காட்டி வண்டியைக் கொல்வது முறையாகாது.

தமிழ் பயின்றோர்க்கு இந்த நிலைமை புதிதன்று. ஏடுகள் சிதைந்தும் செல்லரித்தும் கிடந்த காலத்தில் உ.வே.சாமிநாதையர் ஊர்ஊராகச் சென்று தேடினார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. அத்தகைய பதிப்புகளுக்குத் துணைநின்றவை எவை? ஒரே நூலின் பல படிகளும், நச்சினார்க்கினியர் போன்றோர் எழுதிவைத்த உரைகளும். ஓரிடத்தில் எழுத்து சிதைந்திருந்தால் உரை அதன் வடிவைக் காட்டிக்கொடுத்தது. வளையாபதிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பிறர் எடுத்துக்காட்டிய பாடல்களும் தொகைநூலில் சேர்ந்தவையுமாகச் சிலவே நமக்கு மிஞ்சின. பொருள் அழிந்தாலும் அதன் அளவைச் சொல்லும் குறிப்பு இருந்தால் மீட்கலாம். குறிப்பும் அழிந்தால் பெயர்தான் மிஞ்சும். பழைய ஷாக்கின் செய்முறைக் கையேட்டைத் தம் தளத்திலிருந்து நீக்கிவிடும் நிறுவனத்தைக் காணும்போது, ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களின் நினைவு வருகிறது. அவர்களாவது புண்ணியம் என்று நம்பி விட்டார்கள்.

இன்று பழைய கையேடுகளை வருடி எடுத்து வைத்திருப்போரும், தேய்ந்த உறுப்பை அளந்து எழுதிவைப்போரும், வில் கிடைக்காத ஃபோர்க்கிற்கு மாற்று வில் செய்து தருவோரும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆர்வலர்களே. உரையாசிரியர்களின் பணி அது. ஆயினும் ஒரு நிறுவனம் தன் கடமையாகச் செய்ய வேண்டியதை ஆர்வலர்களின் இரவுநேர உழைப்பில் விட்டுவிடுவது எந்த வகையில் தகும்?

சட்டம் இதற்குள் தலையிடத் தொடங்கியிருக்கிறது. ஆனால் மிதிவண்டியின் வாயிலில் வந்து நின்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின் விற்பவர், அம்மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 10 ஆண்டுகள் முக்கிய உதிரி உறுப்புகளைத் தர வேண்டும். கேட்ட 15 வேலைநாளில் அனுப்ப வேண்டும். பழுதுபார்த்தலை ஊக்குவிக்கும் ஒன்றியத்தின் ஆணை 2024இல் நிறைவேறியது. உறுப்பு நாடுகள் அதனை 2026 ஜூலை 31 முதல் செயல்படுத்த வேண்டும் என்பது விதி. அதன் பட்டியலில் மின்சார மிதிவண்டி போன்றவை தம் பேட்டரியை முன்னிட்டு இடம்பெற்றுள்ளன. மிதித்து ஓட்டும் வண்டிக்கு இடமில்லை. அமெரிக்காவில் நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்கள் மின்னணுக் கருவிகளுக்கும், கொலராடோ மாநிலம் மின்சக்கர நாற்காலிகளுக்கும் வேளாண் எந்திரங்களுக்கும் சட்டம் இயற்றின. மலைமிதிவண்டி பிறந்த கலிபோர்னியாவின் சட்டமும் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, வேளாண் கருவிகள், கைப்பேசியும் டேப்லெட்டும், வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. மின்சாரமோ எஞ்சினோ இல்லாத வண்டிக்குப் பழுதே நேராது என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

சட்டம் வரும்வரை தொழிலால் ஒன்றும் செய்ய இயலாதா என்றால், இயலும் என்பதற்குச் சான்றே இருக்கிறது. கியரை மாற்றும் டிரெயிலரைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு கொக்கி ஒன்றுண்டு. வண்டி சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுவே. நிறுவனத்திற்கொரு வடிவம், மாதிரிக்கொரு வடிவம் என நூற்றுக்கணக்கான கொக்கிகள் இருந்தன. 2019இல் ஸ்ராம் நிறுவனம் ஒரே பொதுக்கொக்கியை வகுத்து, சட்டம் செய்வோர் எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. போட்டி நிறுவனங்கள் உட்படப் பலர் ஏற்றனர். சில ஆண்டுகள் கழித்து, அக்கொக்கி இருந்த இடத்தில் நேரடியாகப் பூட்டும் தன் புதிய கியர் அமைப்பை ஸ்ராம் கொண்டுவந்தபோதுதான் அந்தத் தாராளத்தின் உட்காரணம் விளங்கியது. விளங்கினால் என்ன? தன்னலமும் பொதுநலமும் ஒரே இடத்தில் கூடுமானால் நமக்கு மறுப்பில்லை. ஒரு தொழில் தனக்கு வேண்டும்போது ஒரே அளவுக்கு வரமுடியும் என்பது அதனால் மெய்ப்பட்டுவிட்டது. ஓட்டுபவருக்கு வேண்டும்போதும் வரலாமே.

நம் ஊர்த் தெருமுனைச் சைக்கிள் கடையும் இதற்குச் சான்று பகரும். 28 அங்குலச் சக்கரம் கொண்ட கறுப்பு வண்டியை எடுத்துச் சென்றால், அது ஹெர்குலிஸா, ராலேயா, எந்த ஆண்டினது என்று கடைக்காரர் ஆராய்வதில்லை. காட்டர் பின், கோன், பால்ஸ், ஃப்ரீவீல் யாவும் தகர டப்பாக்களில் இருக்கும், எடுத்து மாட்டிவிடுவார். தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்ட முடிந்ததற்கு அவ்வண்டியின் இரும்பு மட்டும் காரணமன்று. அந்த டப்பாக்களும் காரணம். புதுமை குறைந்ததால் வந்த நன்மை அது என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புகிறோம். புதுமையோடு அந்நன்மையையும் சேர்த்துத் தர முடியாத அறிவா இன்றைய பொறியியல் அறிவு?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. ஒன்று: சீல், புஷ், ஓ-ரிங் முதலிய தேயும் உறுப்புகளை, அம்மாதிரியின் விற்பனை நின்றபின் பத்தாண்டுகளேனும் கிடைக்கச் செய்க, வாஷிங் மெஷினுக்கு இயன்றது மிதிவண்டிக்கும் இயலும். இரண்டு: அதற்கு மேலும் செய்ய விருப்பமில்லையெனில், அவ்வுறுப்புகளின் அளவு, பொருள், எண்ணெயின் தரம், அடைக்க வேண்டிய அளவு, காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்ட வரைபடத்தை எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடுக. மூன்று: இரு உறுப்புகள் கூடுமிடத்தின் அளவை மாற்றுமுன், பழையதற்கு இணைப்புத் துண்டு ஒன்றையும் வகுத்துத் தருக. இவற்றுள் முதலாவதற்குச் செலவுண்டு, மூன்றாவதற்கு உழைப்புண்டு, இரண்டாவதற்கு மனம் மட்டும் போதும்.

வண்டி வைத்திருப்போர்க்கும் சில சொற்கள். பழைய வண்டி வாங்குமுன் ஷாக்கின் இரு போல்ட்டுகளின் மையத்திற்கிடையே உள்ள தூரத்தையும், அது அமுங்கும் நீளத்தையும், போல்ட்டின் விட்டத்தையும், இருக்கும் இடத்தின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்நான்கு எண்களுக்கு ஒத்த ஷாக் இன்று சந்தையில் உண்டா என்று பார்த்தபின் விலை பேசுங்கள். புதிய வண்டி வாங்குவோர், வாங்கும் அன்றே இரண்டு சீல் கிட் சேர்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கையேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை அது இருந்த இடத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. சீல் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதிவையுங்கள். தேய்ந்தபின் அளந்தால் அதன் நோயைத்தான் அளக்க முடியும் என்ற லேத் பட்டறைக்காரரின் சொல் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது.

இதெல்லாம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக் கவலை என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். வசதி படைத்தவர்க்கு இக்கவலையே இல்லை. அவர் புதிய வண்டி வாங்கிவிடுவார். அவர் விற்ற பழைய வண்டியை, கையிலுள்ள மொத்தப் பணத்தையும் கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் உறுப்பு கிடைக்காமல் போகிறது. உதிரி உறுப்பை நிறுத்துவது இரண்டாவது கைக்கு வரும் பொருளைக் கொல்வதாகும். அந்த இரண்டாவது கை எப்போதும் எளியவரின் கையே. விற்ற பொருளோடு தமக்கு உறவு முடிந்தது என்று செய்தவர் கருதுவாராயின் கருதட்டும். விலகிச் செல்பவர் விளக்கை அணைத்துவிட்டுச் செல்ல வேண்டியதில்லை. பொருளைச் செய்த அறிவு அவருடையது. அதை வாங்கியவர் செப்பனிட்டு ஓட்டுவதற்கு வேண்டிய அளவு, விலையில் அடங்கியது என்பதே நம் துணிபு.